'4 பாயின்ட் முன்னிலை'யா? பொறுங்க பாஸ்!

அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் வருஷம் பிறந்தாலே போதும். நவம்பர் தேர்தலுக்கு இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கும்போதே, 'விஸ்கான்சினில் இவர் 4 பாயின்ட் முன்னிலை' என்று டி.வி.யில் எழுத்து ஓட ஆரம்பிச்சிடும். உடனே உங்க ஹாஸ்டலில் ஒரு அரசியல் ஞானி கிளம்பி, "முடிஞ்சுது மச்சி, அவர்தான் அடுத்த பிரசிடென்ட்"னு தீர்ப்பு சொல்லிடுவார். அவரோட டீக்கு பந்தயம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அதென்ன விஸ்கான்சின்? 2000 முதல் 2024 வரை நடந்த ஏழு ஜனாதிபதி தேர்தல்களில், ஐந்தில் அங்கே ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் நடுவே ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. 2000-ல் அல் கோர் அந்த மாநிலத்தைப் பிடிச்சது வெறும் 5,708 ஓட்டில். ஒரு பெரிய காலேஜோட மொத்த ஸ்டூடன்ட்ஸ் அளவுதான்! ஒரே ஒரு ஓட்டு கூட வாங்கினாலும் மாநிலத்தோட 10 எலெக்டோரல் ஓட்டும் அப்படியே அவருக்கு. இழுபறி இல்லாம எப்படி இருக்கும்?

இப்போ அந்த 4 பாயின்ட்டுக்கு வருவோம். சர்வேயில் 800 பேரிடம் கேட்டிருந்தால், ஒவ்வொருத்தர் சதவீதமும் 3.5 வரை கூடலாம், குறையலாம். ஒருத்தருக்கு 48, இன்னொருத்தருக்கு 44 என்று வந்தால், நிஜத்தில் முதலாமவர் 46-லும் இரண்டாமவர் 46-லும் சமமா நிற்கலாம். முன்னிலையைக் கணக்கு பண்ணும்போது இந்தத் தடுமாற்றம் கிட்டத்தட்ட டபுள். அதாவது ஏழு பாயின்ட்! நாலைப் பெரிசா எழுதுறவங்க, இந்த ஏழைப் பொடி எழுத்தில்கூடப் போட மாட்டாங்க.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' சரிதான். ஆனா அடுப்பு ஒரே சீரா எரியணுமே! யுனிவர்சிட்டி ஊரான மேடிசன் இருக்கும் டேன் கவுண்டியில் 2020-ல் பைடனுக்கு 75 சதவீதம். மில்வாக்கிக்குப் பக்கத்து வாக்கஷாவிலோ ட்ரம்ப்புக்குக் கிட்டத்தட்ட 60. யாரிடம் கேட்கிறோம், யார் போனை எடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமமே இருக்கு. 2016-ல் பல மாநில சர்வேக்கள் சறுக்கியது இங்கேதான். டிகிரி முடிச்சவங்க அதிகமா பதில் சொன்னாங்க. அவங்க ஹிலரி பக்கம் சாய்ந்தவங்க. அதைச் சரிக்கட்டாமலே நம்பரை வெளியிட்டுட்டாங்க.

விளைவு? விஸ்கான்சினில் கடைசி நேர சராசரி, ஹிலரிக்கு ஆறு பாயின்ட்டுக்கு மேல் முன்னிலை. ஜெயிச்சது ட்ரம்ப், 22,748 ஓட்டில். எல்லா சர்வேயும் ஒரே பக்கம் தப்பு பண்ணினா, சராசரி எடுத்து என்ன புண்ணியம்? அந்த நம்பரை நம்பினது ஹாஸ்டல் ஞானி மட்டுமில்லை. வேட்பாளர் ஆனபிறகு ஹிலரி ஒருமுறைகூட பிரசாரத்துக்கு விஸ்கான்சின் பக்கம் வரவே இல்லை. தோல்விக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா 22,748-ஐப் பார்க்கும்போது உறுத்தத்தான் செய்யுது.

2020-ல் இன்னும் கூத்து. தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது ஏ.பி.சி. - வாஷிங்டன் போஸ்ட் சர்வே, பைடனுக்கு 17 பாயின்ட் முன்னிலை கொடுத்தது. ஜெயிச்சார்தான். ஆனா 0.6 சதவீதத்தில்! 2024-ல் மார்க்கெட் சட்டக் கல்லூரியின் கடைசி சர்வே ஹாரிஸுக்கு 50, ட்ரம்ப்புக்கு 49 என்றது. ட்ரம்ப் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக ஜெயித்தார். 'ஆளையே மாத்திச் சொல்லிட்டாங்க'ன்னு சிரிக்காதீங்க. என்னைக் கேட்டா, 17 சொல்லி ஆளைச் சரியா சொன்னதைவிட இதுதான் நல்ல சர்வே.

ஒரு வாரத்துக்கு முன்னாடியே இந்த லட்சணம்னா, ஏழு மாசத்துக்கு முன்னாடி? அப்போ பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லாரையும் கேட்பாங்க. அதில் யார் நிஜமா ஓட்டுப் போடப் போறாங்க என்பது அவங்களுக்கே தெரியாது. அதனால, அடுத்த முறை முன்னிலையைப் பார்த்ததும் 'இன்னும் முடிவு பண்ணலை' என்றவங்க எத்தனை சதவீதம்னு தேடுங்க. அது முன்னிலையைவிடப் பெரிசா இருந்தா, டீக்காசை பாக்கெட்லேயே வெச்சுக்கங்க.

2024-ன் முதல் ஆறு மாசமும் விஸ்கான்சின்காரர்களிடம் கேட்ட முக்கியமான கேள்வி, 'பைடனா, ட்ரம்ப்பா?' ஜூலை 21-ம் தேதி பைடன் போட்டியிலிருந்தே விலகிட்டார்!