மாநிலப் பிறந்தநாள்: ஊர் கூடினால்தான் தேர் நகரும்

நவம்பர் 1-ஆம் தேதி காலையில் பெங்களூருவின் ஆட்டோ ஸ்டாண்டுகளைப் பார்க்க வேண்டும். மஞ்சளும் சிவப்புமான கொடி கட்டாத வண்டி அபூர்வம். தெருமுனையில் பந்தல், பந்தலுக்குள் கன்னடத் தாய் புவனேஸ்வரியின் படம், ஒலிபெருக்கியில் ராஜ்குமார் பாட்டு. கண்டீரவா மைதானத்தில் அரசு விழா தனியாக நடந்துகொண்டிருக்கும். அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் கசவுப் புடவையும் வேட்டியுமாக அலுவலகம் போவார்கள். சென்னையிலோ அது மற்றுமொரு வேலை நாள்.

மூன்று மாநிலங்களின் இன்றைய எல்லைகளுக்கும் அடித்தளம் ஒன்றுதான். ஃபசல் அலி தலைமையிலான ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த மாநில மறுசீரமைப்புச் சட்டம் 1956 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளுமாக இந்திய வரைபடம் திருத்தி வரையப்பட்டது. கர்நாடகத்துக்கு அது ராஜ்யோத்சவம். கேரளத்துக்குக் கேரளப் பிறவி. தமிழ்நாட்டுக்கு மட்டும் இன்றுவரை ஒரு கேள்வி: எந்த நாளைக் கொண்டாடுவது?

இந்தக் கேள்வியிலேயே நேரம் போய்விடுவதால், அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: எப்படிக் கொண்டாடுவது?

இரண்டு தேதி, இரண்டு கதை

நவம்பர் 1 நிலத்தின் கதை. அன்று மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனது; தென் கன்னடமும் கொள்ளேகாலும் அன்றைய மைசூருக்குப் போயின. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. இது சும்மா வந்ததல்ல. மார்ஷல் நேசமணி தலைமையிலான போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தேவிகுளம், பீர்மேடு கேட்டும் கிடைக்கவில்லை. வடக்கே ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாகத் திருத்தணி வந்து சேர 1960 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜூலை 18 பெயரின் கதை. 'தமிழ்நாடு' என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுடன் விருதுநகர் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-இல் உண்ணாநோன்பைத் தொடங்கினார். இரண்டரை மாதம் நோன்பிருந்து, அக்டோபரில் மதுரை மருத்துவமனையில் உயிர்நீத்தார். புதிய மாநிலங்கள் பிறக்கச் சில வாரங்களே இருந்தன. அவர் கேட்ட பெயருக்கான தீர்மானத்தை, ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், 1967 ஜூலை 18-இல் முதலமைச்சர் அண்ணா சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. நாடாளுமன்றம் 1968-இல் சட்டம் இயற்ற, 1969 ஜனவரி 14, பொங்கல் நாளன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. மூன்றே வாரத்தில் அண்ணா மறைந்தார்.

2019-இல் எடப்பாடி பழனிசாமி அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021 அக்டோபர் இறுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், இனி ஜூலை 18-தான் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தார். ஆளுநர் மாளிகையோ நவம்பர் 1-இல் விழா எடுத்தது. ஆட்சி மாறினால் பிறந்தநாளும் மாறும் என்ற நிலையில், மக்கள் அந்த நாளைத் தம் நாளாக எப்படி நினைப்பார்கள்?

தேதிச் சண்டை நமக்கு மட்டுமல்ல

ஆந்திராவுக்கு மூன்று தேதி. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்டதன் பின் ஆந்திர மாநிலம் பிறந்தது 1953 அக்டோபர் 1-இல். தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது 1956 நவம்பர் 1-இல். தெலங்கானா பிரிந்தது 2014 ஜூன் 2-இல். பிரிவினைக்குப் பிறகு சந்திரபாபு நாயுடு அரசு ஜூன் 2-ஐக் கொண்டாட்டமின்றி, 'நவ நிர்மாண தீட்சை' என்ற உறுதியேற்பு நாளாகக் கடைப்பிடித்தது. 2019-இல் வந்த ஜெகன் அரசு நவம்பர் 1-க்கே திரும்பியது. மேற்கு வங்கத்தில் ஜூன் 20-ஐ மாநில நாளாகச் சிலர் கொண்டாட, 2023-இல் சட்டமன்றம் வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக்கை மாநில நாளாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

மாநிலத்தின் பிறந்தநாள் என்பது வெறும் நாட்காட்டி விவகாரமல்ல என்பதற்கு இவை சாட்சி. எதைப் பெற்றோம், எதை இழந்தோம், யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதெல்லாம் அந்த ஒரு தேதியில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

பிற மாநிலங்கள் நடத்தும் விதம்

கர்நாடகத்தின் பலம் அங்குள்ள அமைப்புகள். 1960-களில் மா. ராமமூர்த்தி உருவாக்கிய மஞ்சள்-சிவப்புக் கொடி அதிகாரபூர்வ மாநிலக் கொடியல்ல. ஆனாலும் யாரும் எடுத்துக் கட்டலாம் என்பதால் வீதிக்கு வந்துவிட்டது. கன்னட சங்கங்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஐ.டி. நிறுவனங்கள் என்று நவம்பர் மாதம் முழுக்க ஆளுக்கொரு தேதியில் விழா எடுப்பார்கள். அண்மை ஆண்டுகளில், மாநிலத்துக்கு எத்தனை வயதோ அத்தனை பேருக்கு ராஜ்யோத்சவ விருது என்று எண்ணிக்கையை முறைப்படுத்தியிருக்கிறார்கள். குறைகளும் உண்டு. அந்த ஒரு மாதம் மட்டும் மொழிப்பற்றுக் காட்டுகிறவர்களை 'நவம்பர் கன்னடிகர்' என்று கன்னடர்களே கிண்டல் செய்வார்கள். பெலகாவியில் மராத்தி அமைப்பினர் அதே நாளைக் கறுப்பு நாளாக அனுசரிப்பதால் போலீஸ் காவலுக்கு நிற்கும்.

கேரளம் 2023 நவம்பர் முதல் வாரம் தலைநகரில் 'கேரளீயம்' என்ற பெருவிழாவை நடத்தியது. கருத்தரங்கு, கண்காட்சி, உணவு, கலை என்று நகரமே மேடையானது. நலத்திட்ட ஓய்வூதியம் நிலுவையில் இருக்கும்போது இவ்வளவு செலவு தேவையா என்ற கண்டனமும் கூடவே எழுந்தது. தெலங்கானா தன் பத்தாம் ஆண்டு தொடக்கத்தை 21 நாள் விழாவாக எடுத்தது. ஒருநாள் விவசாயிகளுக்கு, ஒருநாள் ஏரிகளுக்கு என்று பிரித்து, கடைசி நாளில் தியாகிகள் நினைவிடத்தைத் திறந்தார்கள். தேர்தல் ஆண்டு என்பதால், அது மாநில விழாவா, ஆளுங்கட்சி விழாவா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அந்த ஆண்டு இறுதியில் அந்த அரசு தோற்றும் போனது.

குஜராத்தின் வழியில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. மே 1 மாநில விழாவைத் தலைநகரிலேயே கட்டிப் போடாமல், ஆண்டுக்கு ஒரு மாவட்டத்துக்கு எடுத்துப் போகிறார்கள். விழா வருகிற மாவட்டத்தில் கிடப்பில் கிடக்கும் பணிகள் வேகம் பிடிக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு விழா தங்களுடையது என்ற எண்ணம் வரும்.

நம் விழாவில் யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாடு நாளை ஒட்டி, தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. 10,000, 7,000, 5,000 ரூபாய் என்று பரிசு. மாணவர் பேரணியும் புகைப்படக் கண்காட்சியும் நடக்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் பேரணியில் நடப்பவர்கள் சீருடைப் பிள்ளைகள், மேடையில் இருப்பவர்கள் அதிகாரிகள், எதிரே அமர்ந்திருப்பவர்கள் துறை ஊழியர்கள். பழக்கடைக்காரருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் அந்த விழாவில் இடம் எங்கே?

கன்னியாகுமரி மாவட்டம் இதற்கு விலக்கு. தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1 அங்கே உள்ளூர் விடுமுறை. நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை விழுகிறது. போராடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கண்முன்னே இருப்பதால் அங்கே வரலாறு இன்னும் வீட்டுப் பேச்சாக இருக்கிறது. தென்கோடியில் இருக்கும் அந்த உணர்வு மதுரையிலோ சேலத்திலோ இல்லை என்றால், குறை மக்களுடையதல்ல, கதையைச் சொல்லாதவர்களுடையது.

செய்யக்கூடியவை

முதலில் தேதி. ஜூலை 18-ஐ மாநில நாளாகவும் நவம்பர் 1-ஐ எல்லைத் தியாகிகள் நாளாகவும் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து தீர்மானமாக நிறைவேற்றிவிடலாம். பெயரைக் கொண்டாட ஒரு நாள், நிலத்துக்காக உழைத்தவர்களை நினைக்க ஒரு நாள். அரசாணையாக இருந்தால் அடுத்த ஆட்சி மாற்றிவிடும். 1967-இல் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தை மதிக்கும் நாளையும் ஒருமனதாகவே முடிவு செய்வதுதான் பொருத்தம்.

நடைமுறைக்கும் இது ஒத்துவரும். ஜூலையில் பள்ளி திறந்து பாடம் சூடுபிடித்திருக்கும், தேர்வு நெருக்கடி இருக்காது, வடகிழக்குப் பருவமழையும் இல்லை. ஆடி பிறந்து ஓரிரு நாளில் வருவதால் ஊர்களில் விழாக் களையும் இருக்கும்; திறந்தவெளியில் தைரியமாக மேடை போடலாம். நவம்பர் முதல் தேதியோ மழைக்காலம், தீபாவளியை ஒட்டிய நெரிசல். பெரிய மைதான விழாவுக்கு அது ஆகாது.

ஆனால் நவம்பர் 1-க்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு மேடை இருக்கிறது. உள்ளாட்சிகள் நாள் என்று 2022 முதல் அன்று கிராம சபை கூட்டும் ஏற்பாடு வந்திருக்கிறது. 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் மக்கள் கூடும் அந்த இடத்தில், பதினைந்து நிமிடம் நம் எல்லைகள் எப்படி வந்தன என்று ஓர் ஆசிரியரோ ஊர்ப் பெரியவரோ பேசலாம். பந்தல் செலவு இல்லை, கூட்டம் சேர்க்க லாரி வேண்டாம்.

மாநில விழாவைச் சென்னையிலிருந்து வெளியே எடுத்துப் போக வேண்டும். ஓராண்டு விருதுநகர், ஓராண்டு திருத்தணி, அடுத்து நாகர்கோவில், அதற்கடுத்து செங்கோட்டை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பழைய வரைபடங்களின் நகல்கள், சட்டமன்ற விவாதக் குறிப்புகள், அந்தக் காலச் செய்தித்தாள் பக்கங்கள் எல்லாம் பேருந்து நிலையத்திலும் வாரச் சந்தையிலும் காட்சிக்கு வரட்டும். குடும்பங்களில் இருக்கும் சிறைச் சான்றிதழ், புகைப்படம், துண்டறிக்கைகளை மாவட்ட நூலகங்கள் கேட்டு வாங்கி நகலெடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

கொடி பற்றியும் பேச்சு வரும். 1970-இல் முதலமைச்சர் கருணாநிதி மாநிலக் கொடிக்கு ஒரு வடிவத்தை முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. கொடி இல்லாததால் விழா குறைந்துபோகாது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறது. அதை ஊர் கூடிப் பாடினாலே போதும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள், குமரி எல்லையில் மலையாளம் பேசுகிறவர்கள், ஆம்பூர்-வாணியம்பாடி உருதுக்காரர்கள், மதுரைச் சௌராஷ்டிரர்கள் எல்லோருக்கும் இதுதான் மாநிலம். அவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிற விழாவாக இது ஆகிவிட்டால், பெலகாவியின் கறுப்பு நாள் இங்கேயும் முளைக்கும். கண்காட்சியில் அவர்களுடைய கதைக்கும் பலகை இருக்க வேண்டும். மேடையில் அவர்கள் கலைக்கும் நேரம் இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கை விழா முடிந்த மாதமே வெளியிட வேண்டும். வரவேற்பு வளைவுகளில் இன்றைய தலைவர்கள் படம் வேண்டாம். சங்கரலிங்கனார், நேசமணி, ம.பொ.சி., அண்ணா படங்கள் இருக்கட்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தை மக்கள் கையில் கொடுக்காத விழா எத்தனை கோடி செலவழித்தாலும் நிலையில்தான் நிற்கும்.

அரசு செய்யும்வரை நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற நவம்பர் 1-இல் உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடினால் போய் அமருங்கள். உங்கள் மாவட்டம் 1956-க்கு முன்பு எப்படி இருந்தது என்று ஒரு பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் பிறந்தநாள் விழா அங்கிருந்தே தொடங்கலாம்.