கம்பெனிப் படியா, கடைப் படியா?

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை நடத்தும் வாசகர் ஒருவரின் கடிதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தீவன மூட்டை ஏற்றவும் குடும்பத்தோடு வெளியூர் போகவும் ஒரே வண்டி போதும் என்று பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார். வண்டி நல்ல உயரம். எழுபதைத் தாண்டிய அவருடைய அம்மாவுக்கு மூட்டுவலி, ஏற முடியவில்லை. கம்பெனி கொடுத்த அசையாத பக்கப் படியே போதுமா? கதவைத் திறந்ததும் தானாக இறங்கி வரும் மோட்டார் படியை வெளிக்கடையில் வாங்கி மாட்டலாமா? மாட்டினால் வாரண்டி என்ன ஆகும்? இவைதான் அவருடைய கேள்விகள்.

அசையாத படியில் ஒரு சிக்கல் உண்டு. வேகத்தடையிலும் வரப்பிலும் இடிக்கக் கூடாது என்பதற்காக அதை உயரத்தில் பொருத்துகிறார்கள். இளைஞர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை, நேராகவே ஏறிவிடுகிறார்கள். முதியவர்களுக்கோ அந்தப் படியே எட்டுவதில்லை. மழைக்காலத்தில் அதில் அப்பிய சேறு இறங்குகிறவரின் வேட்டியிலும் சேலையிலும் ஒட்டுவதுதான் மிச்சம். மோட்டார் படி பிறந்தது இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான். ஓடும்போது வண்டியின் அடியில் மடங்கிக் கிடக்கும். கதவு திறந்தால் கீழேயும் வெளியேயும் வரும்.

தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி விற்ற முதல் வண்டிகளில் ஒன்று அமெரிக்காவின் லிங்கன் நேவிகேட்டர், 2003 மாடல். பிறகு ஃபோர்டின் எஃப்-150 போன்ற பிக்கப்களுக்கும் வந்தது. வெளிச்சந்தையில் இதைப் பரப்பிய கம்பெனிகளில் முக்கியமானது ஏஎம்பி ரிசர்ச். அதைத் தொடங்கிய ஹார்ஸ்ட் லைட்னர் ஆஸ்திரியாவில் பிறந்தவர், மோட்டோகிராஸ் பந்தய வீரர். மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்களின் பின்சக்கரத்துக்கு அவர் வடிவமைத்த தொங்கல் அமைப்பு இன்றும் ‘ஹார்ஸ்ட் லிங்க்’ என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. குண்டும் குழியுமான பாதையில் சக்கரம் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை இணைப்புக் கைகளின் நீளத்தையும் மூட்டுகளின் இடத்தையும் வைத்தே தீர்மானிப்பது அந்தக் கலை. மடங்கும் படியில் உள்ளதும் அதே கணக்குத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். படிப் பலகை வண்டிக்கு அடியிலிருந்து புறப்பட்டு, வளைவாகச் சுழன்று, கீழே வந்து நிற்கிறது. இவ்வளவு தூரம் சுழன்றும் பலகை மட்டும் சாய்வதில்லை. வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். நான்கு சங்கிலிகளும் ஒரே நீளம் என்பதால் ஊஞ்சல் எவ்வளவு ஆடினாலும் பலகை தரைக்கு இணையாகவே இருக்கிறது. சங்கிலிக்குப் பதில் உலோகக் கைகளைப் போட்டு, அவற்றின் நீளத்தைச் சற்றே மாற்றினால், மடங்கும்போது பலகை ஒரு கோணத்திலும் விரியும்போது சமமாகவும் நிற்கும்படி செய்யலாம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடங்களில் இந்தக் கைகள் இருக்கும். பொதுவாக அவற்றில் ஒன்றைத்தான் மோட்டார் திருப்புகிறது. மற்றொன்று பலகையோடு சேர்ந்து நகரும்.

அந்தச் சின்ன மோட்டார் எப்படி ஓர் ஆளின் எடையைத் தாங்கும் என்று பலரும் பயப்படுகிறார்கள். நல்ல வடிவமைப்பில் மோட்டார் எடையைத் தாங்குவதே இல்லை. கைகள் முழுவதும் விரிந்ததும் ஒரு தடுப்பில் போய் முட்டி நிற்கும். மிதிப்பவரின் பாரம் கைகள் வழியாகவும் தடுப்பு வழியாகவும் வண்டியின் உடலுக்குப் போய்விடும். மோட்டாரில் பெரும்பாலும் திருகுப் பல்சக்கரம் இருப்பதால் பலகையைப் பிடித்து அழுத்தி மோட்டாரைப் பின்னுக்குச் சுழற்றவும் முடியாது. மோட்டாரின் வேலை பலகையை நகர்த்துவது மட்டுமே. வழியில் ஒருவர் கால் குறுக்கிட்டால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் சட்டென்று ஏறும், கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கவனித்து மோட்டாரை நிறுத்திவிடும்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வரலாம். நம் ஊரில் விற்கும் பிக்கப்களுக்குப் பெரும்பாலும் அசையாத படிதான் கம்பெனியிலிருந்து வருகிறது. மோட்டார் படி வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குகிறவர்கள் எதைக் கவனிக்கிறார்களோ, அதையே இங்கும் கவனித்தால் போதும்.

முதலில் கவனிக்க வேண்டியது வயரிங். கம்பெனியே பொருத்தும் மோட்டார் படிக்குக் கதவு திறந்த செய்தி வண்டியின் சொந்த மின்வலை வழியாகவே வருகிறது. ஃபியூஸ், வயரின் பருமன், தண்ணீர் புகாத இணைப்பான் எல்லாம் அந்த வண்டிக்கென்றே கணக்கிட்டவை. கடைப் படியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவு விளக்கின் வயரைச் சீவி அதிலிருந்து செய்தியைத் திருடுவது. மற்றொன்று, மெக்கானிக் பழுதைக் கண்டறியக் கருவியைச் செருகும் இணைப்பிலேயே ஒரு செருகியை மாட்டிச் செய்தியைப் படிப்பது. இரண்டாவதில் எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை, கழற்றினால் வண்டி பழையபடி இருக்கும். வயரைச் சீவிய வண்டியில் நாளை மின்கோளாறு வந்தால், அது படியால் வந்ததா இல்லையா என்று சர்வீஸ் சென்டரில் வாதாடும் நிலைமை வரும். அந்த வாதத்தில் உரிமையாளர் ஜெயிப்பது கடினம்.

அடுத்தது, படி எதில் மாட்டப்படுகிறது என்பது. வண்டியில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டால் நல்லது. புதிதாகத் துளை போடுகிறேன், ஒரு சின்ன வெல்டிங் வைக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். துருப்பிடிப்பது அந்தத் துளையிலிருந்துதான் தொடங்கும். சட்டமும் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. உடலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் எதுவும் எஃப்.சி. எடுக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்ணில் படும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். படி இறங்கியதும் அதன் மேல் ஒருவர் நிற்க வேண்டும், இன்னொருவர் கதவைச் சாத்த வேண்டும். நிற்கிறவரோடு படி மடங்கப் பார்த்தாலோ உலுக்கினாலோ அது முதியவர் ஏறும் வண்டிக்கு ஆகாது. பலகையிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளந்தும் பார்க்க வேண்டும். படியை மட்டும் மாட்டிவிட்டுக் கைப்பிடியை மறந்தால் பாதி வேலைதான் ஆனது. மூட்டுவலிக்காரர் ஏறுவது காலால் மட்டும் அல்ல, கையாலும்தான்.

பராமரிப்பு விஷயத்தில் நம் மண்ணுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். சேலம் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் மேக்னசைட் சுரங்கங்களின் வெள்ளைத் தூசி பறக்கும். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் லாரிகள் போர் போடும் இடத்தில் பாறைமாவு சேறாகக் கிடக்கும். பண்ணைப் பாதையில் செம்மண். இவை மூட்டுகளுக்குள் போனால் மோட்டார் திணறும். உடனே கிரீஸ் அடிப்பதுதான் பலருடைய வழக்கம். கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாக மாற்றிவிடும். படியை விரித்த நிலையில் நிறுத்தி, அழுத்தமான தண்ணீரால் மூட்டுகளைக் கழுவி, காய்ந்ததும் மூட்டு ஊசிகளில் மட்டும் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்க வேண்டும். கால் வைக்கும் பலகையில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, வழுக்கிவிடும்.

இந்தக் கேள்வி நாமக்கல்லிலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கம்பெனியா வெளியா என்ற தேர்வை இந்த ஊர் இன்னும் பெரிய அளவில் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் இது. உரிமையாளர் வெறும் சேஸிஸாக, முகப்பு மட்டும் உள்ள கவுலாக வண்டியை எடுத்து வருவார். கேபின், தொட்டி, கதவு, இருக்கை, படுக்கை எல்லாம் பட்டறையில் எழும். இன்னொரு பக்கம், கேபினோடு முழுசாக வரும் லாரிகள். ஒரகடத்தில் 2012-இல் பாரத்பென்ஸ் தொழிற்சாலை திறந்த பிறகு அவை பெருகின. டாடாவும் அசோக் லேலண்டும் தங்கள் கேபின்களை மேம்படுத்தின.

பட்டறைக் கேபினின் பெருமைகள் மெய்யானவை. வடக்கே எந்த ஊரில் அடிபட்டாலும் தட்டி நேராக்கலாம். டிரைவரின் உயரத்துக்கு ஏற்ப இருக்கையை வைக்கலாம். ஆனால் படி என்று வரும்போது பட்டறைக் கேபின் தோற்றுவிடுகிறது. குறை கொல்லரிடம் இல்லை, ஆர்டர் கொடுப்பவரிடம் இருக்கிறது. பெயின்ட், ஸ்டிக்கர், எல்இடி சரவிளக்கு, முகப்பில் சாமி பெயர் எல்லாவற்றுக்கும் பட்டறை வாசலில் நின்று யோசனை சொல்லும் உரிமையாளர் படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் மிஞ்சிய கம்பியை வளைத்து ஒரு வளையமாகப் பற்றவைத்து விடுகிறார்கள். உருண்டைக் கம்பி, ஈரச் செருப்பு. அதிலும் கால் எட்டாமல் டயர் மீதும் வீல் போல்ட் மீதும் மிதித்து ஏறும் டிரைவர்களை எந்த லாரி நிறுத்தத்திலும் பார்க்கலாம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் உடம்பைக் கெடுக்கிறது. ஃபத்தல்லா, காட்னம் என்ற இரு ஆய்வாளர்கள் லாரியிலிருந்து இறங்குபவர்களின் காலில் விழும் மோதலை அளந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கேபின் உயரத்திலிருந்து குதித்தால் மோதல் உடல் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்குவரை போனது. படியையும் கைப்பிடியையும் முழுதாகப் பயன்படுத்தி இறங்கியபோது அது ஏறக்குறைய இரண்டு மடங்கில் அடங்கியது. எழுபது கிலோ ஆள் குதிக்கும்போது அவர் கால் ஒரு கணம் 840 கிலோவரை சந்திக்கலாம். சுங்கச்சாவடி, டீக்கடை, செக்போஸ்ட், டயர் தட்டிப் பார்க்க, தார்ப்பாய் இறுக்க என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒரு டிரைவர் இறங்குகிறார்! நாற்பது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் டிரைவரிடம் கிளட்ச்தான் காரணம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர் ஏறி இறங்கும் படியையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

வெளிநாடுகளில் இது டிரைவரின் சாமர்த்தியத்துக்கு விடப்படவில்லை. ஐரோப்பிய விதியில் லாரியின் முதல் படி தரையிலிருந்து 600 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, கரடுமுரடான இடத்தில் ஓடும் வண்டிக்கு மட்டும் 700. அமெரிக்காவில் 1982 செப்டம்பர் முதல் தயாரான உயரமான மூக்கில்லாத லாரிகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தக் கணத்திலும் இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று வண்டியைத் தொட்டிருக்கும்படி படிகளும் கைப்பிடிகளும் அமைய வேண்டும். இந்தியாவிலும் லாரிக் கேபினுக்கும் பாடிக்கும் ஏஐஎஸ்-093 என்ற தரவிதி இருக்கிறது. 2025-இல் நடைமுறைக்கு வந்த விதியால் புதிய நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசியும் கட்டாயமாகியிருக்கிறது. நாற்பது டிகிரி வெயிலில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு அது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய ஒன்று.

சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நம் வட்டாரத்து டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 பதிவெண் பட்டறைக் கேபின் லாரிகளுக்கு இந்த விதிகள் எதையும் செய்துவிடப் போவதில்லை. அவற்றின் படியை உரிமையாளர்தான் மாற்ற வேண்டும், அதற்கு மோட்டாரும் வேண்டாம், கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டாம். எஃப்.சி.க்கு முன் பெயின்ட் வேலைக்காக வண்டி எப்படியும் பட்டறைக்கு வரும். அப்போதே உருண்டைக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டு, சேறு கீழே உதிரும்படி ஓட்டை உள்ள தகடோ சொரசொரப்பான செக்கர் பிளேட்டோ வைத்து, முன்பாதம் முழுதும் பதியும் அகலத்தில், டிரைவர் பக்கமும் கிளீனர் பக்கமும் இரண்டிரண்டு படி பற்றவைக்கச் சொல்லலாம். கீழ்ப்படியைவிட மேல்படி கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் முகத்தைக் கேபின் பக்கம் வைத்தபடியே இறங்க முடியும். கதவின் இரு ஓரத்திலும் கை முழுதும் பிடிக்கும்படி செங்குத்தாக ஒரு கைப்பிடி. எல்லாம் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே முடிகிற வேலை. வெல்டிங் ஆறியதும், வண்டியை ஓட்டப்போகிற டிரைவரையே செருப்போடு ஏறி இறங்கச் சொல்லி, உயரம் சரிதானா என்று கேட்டுக்கொள்ளலாம்.