வீடும் கடையும் விலகி நிற்க வேண்டுமா?

சென்னை மயிலாப்பூரின் மாட வீதிகளில் கீழே கடை, மேலே வீடு, கூப்பிடு தொலைவில் பள்ளியும் கோயிலும் மருத்துவரும். அன்றாடத் தேவைகளுக்கு அங்கே வாகனம் வேண்டியதில்லை. நமது பழைய நகரங்கள் பலவும் இப்படித்தான் வளர்ந்தன.

இருபதாம் நூற்றாண்டின் நகரத் திட்டமிடல் வேறு வழியில் சென்றது. ஆலைகளின் புகையிலிருந்து குடியிருப்புகளைக் காக்க, நிலம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவின் யூக்ளிட் என்ற ஊர் வகுத்த அத்தகைய விதி செல்லும் என்று 1926-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோக்கம் நியாயமானதே. ஆனால், வீடுகளிலிருந்து ஆலையோடு கடைகளும் விலக்கப்பட்டன.

வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே தொலைவு கூடினால், அதன் செலவைச் சுமப்பவர் யார்? பயணக் கட்டணமாகவும் நேரமாகவும் உழைப்பாளிதான் சுமக்கிறார். மாலையில் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய தாய், தொலைவில் கிடைக்கும் நல்ல வேலையைக் கைவிட நேரிடுகிறது. இந்த இழப்பு எந்த வரைபடத்திலும் தெரிவதில்லை.

ஜப்பானின் அணுகுமுறை கவனிக்கத்தக்கது. அங்கு மிகக் கடுமையான குடியிருப்பு மண்டலத்தில்கூட, வீட்டோடு இணைந்த சிறு கடைக்கு அனுமதி உண்டு. அது 50 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. கட்டடப் பரப்பில் வீட்டைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் 1995-இல் 'வெள்ளை மனை' முறையை அறிமுகப்படுத்தியது. அரசு விற்கும் அந்த மனைகளில் வீடு, அலுவலகம், கடை ஆகியவற்றின் விகிதத்தைக் குறித்த வரம்புக்குள் வாங்குபவரே முடிவு செய்யலாம்.

பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவரின் செயலால் அதில் தொடர்பற்ற மற்றவருக்கு நேரும் பாதிப்பே அது. கடை என்பதே அண்டை வீட்டாருக்குத் தொல்லையன்று. இரைச்சல், கழிவு, தாறுமாறாக நிற்கும் வாகனங்கள் ஆகியவையே தொல்லை. எனவே, விதிகள் பயன்பாட்டின் பெயரைப் பாராமல் பாதிப்பை அளந்து கட்டுப்படுத்த வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 48 சதவீதத்தினர் நகரவாசிகள். 2026-ஐ இலக்காகக் கொண்ட சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் கலப்புக் குடியிருப்பு மண்டலம் இடம்பெற்றுள்ளது. அடுத்த திட்டம் அதனை விரிவாக்குவதுடன், குறித்த கால இடைவெளியில் விதிகளை மறுஆய்வு செய்யவும் வழிவகுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கடைகளுக்கு அனுமதி கிடைத்தால் நில மதிப்பு உயரும். எளிய வாடகைதாரர்கள் வெளியேற நேரலாம். குறைந்த வாடகை வீடுகளுக்கு இடம் ஒதுக்காத கலப்புப் பயன்பாடு, நில உரிமையாளருக்கு மட்டுமே ஆதாயமாக முடியும். உழைப்பவர் தம் பணியிடத்துக்கு அருகில் குடியிருக்க முடிகிறதா என்பதே நல்ல நகரத்துக்கான அளவுகோல்.