தோத்துப்போன ஆல்பம்... 37 வருஷம் கழிச்சு ஹிட்!

ஹாஸ்டல் ரூம்ல கிடாரும், செகண்ட் ஹேண்ட் கீபோர்டுமா உட்கார்ந்து, எண்பதுகளின் சவுண்டைத் தேடிக்கிட்டே 'நம்ம முதல் ஆல்பம் எப்போ மச்சி?'ன்னு கனவு காண்ற கோஷ்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்!

கோவைப் பையன் 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி, நண்பர் ஜீவாவோடு சேர்ந்து 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் போட்டு ஜெயிச்ச கதை, நம்ம ஊர் கேன்டீன்களில் எல்லாருக்கும் மனப்பாடம். ஜெயிச்ச கதை ஓகே... தோத்த ஆல்பத்தோட கதை கேட்டிருக்கீங்களா?

கொல்கத்தாப் பொண்ணு ரூபா பிஸ்வாஸ். 1981-ல் கனடாவின் கால்கரி நகரில் இருந்த தன் சகோதரரைப் பார்க்கப் போனார். போன இடத்தில் பல்கலைக்கழக மேடையில் பாட வாய்ப்பு. சரோட் மேதை ஆஷிஷ் கானின் பழக்கமும் கிடைச்சது. ரூபாவின் முதல் ஆல்பம் ரெடி!

ஒரு பக்கம் சரோட், தபலா. இன்னொரு பக்கம் டான் போப்பின் எலெக்ட்ரிக் கிடார், சிந்தசைசர், டிரம்ஸ். மொத்தமே நாலு பாட்டு. அதுல 'ஆஜ் ஷோனிபார்' செம! வங்காளத்துல 'இன்று சனிக்கிழமை'ன்னு அர்த்தம். பேஸ் கிடார் உருண்டுக்கிட்டே போக, ரூபாவின் குரல் அலட்டிக்காம மேலே மிதக்கும். ஸ்பெஷல் கிளாஸ் இல்லாத சனிக்கிழமை மாதிரி ஒரு ஃபீல்!

1982-ல் 'டிஸ்கோ ஜாஸ்' என்ற பேரில் ஆல்பம் வந்தது. ஆனா, முந்தின வருஷமே நாஜியா ஹஸனின் 'டிஸ்கோ தீவானே' நாட்டையே ஆட்டி வெச்சிருந்தது. பெரிய விளம்பரம் எதுவும் இல்லாத ரூபாவின் ஆல்பத்தைச் சீண்ட ஆளில்லை. இசைத்தட்டு வீட்டுக்குள்ள ஒரு மூலையில் ஒதுங்கிடுச்சு.

2019. ரூபாவின் மகன் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, சும்மா நெட்டில் தேட... ஷாக்! யூடியூப்பில் உலகமே அம்மாவின் பாட்டைக் கேட்டுக்கிட்டு இருந்தது. பழைய தட்டுகள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறிட்டு இருந்தன. அதே வருஷம் அமெரிக்காவின் 'நியூமரோ குரூப்' நிறுவனம் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது.

யோசிச்சுப் பாருங்க... 1982-க்கும் 2019-க்கும் நடுவில் அந்த நாலு பாட்டுல ஒரு சுதிகூட மாறலை. மாறினது கேட்ட காதுங்கதான். சந்தோஷம்தான். ஆனா, கைதட்டல் கேட்காமலே போன ரூபாவின் இளமை திரும்பி வருமா?

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஒரு ஜூனியர், கிடாரோட சொந்தப் பாட்டு பாட ஆரம்பிச்சப்போ, 'சினிமா பாட்டு பாடுப்பா'ன்னு பின்வரிசையில் இருந்து கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். பாதியிலேயே இறங்கிட்டான். ரூபாவின் கதையைப் படிச்சதும் அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

அதனால, அடுத்த முறை உங்க கிளாஸ்மேட் சொந்தப் பாட்டோட மேடையேறினா, ஒரு அஞ்சு நிமிஷம் காது குடுங்க பாஸ். பிடிக்கலைன்னா அப்புறம் சொல்லிக்கலாம்.

37 வருஷமெல்லாம் காக்க வைக்காதீங்க, ப்ளீஸ்!