செங்கல்பட்டுக் கோட்டை: பாசறை முதல் பள்ளி வரை

விஜயநகர அரசர்கள் காலத்தில் எழுந்த கோட்டை இது. ஒரு பக்கம் கொளவாய் ஏரி. மற்றப் பக்கங்களில் அகழி.

1751இல் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிடித்தனர். அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ், போர்ப் பழக்கமில்லாத புதுப் படையோடு வந்து, முதலில் கடற்கரையில் கோவளத்தையும் பிறகு இக்கோட்டையையும் மீட்டார். 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, வழியிலிருந்த இதைப் பிடிக்காமலே விட்டுச் சென்றார். அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இங்கிருந்த கேப்டன் பிரஸ்டனின் படையும் மருதநாயகம் எனப்படும் யூசுப் கானின் சிப்பாய்களும் முற்றுகைப் படையைப் பின்னாலிருந்து அலைக்கழித்தன.

1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் ஆங்கிலேயர் தோற்றனர். காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி மன்றோ, கனத்த பீரங்கிகளை அங்கிருந்த பெரிய குளத்தில் தள்ளிவிட்டு, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் குதிரைப்படை துரத்த, பட்டினியோடு வந்த படையை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

போர்கள் ஓய்ந்ததும் பாசறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோட்டைக்குள் அரசு அலுவலகங்கள் வந்தன. மதிலை அறுத்துக்கொண்டு ரயில் பாதை நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், குற்றம் புரிந்த சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி இங்கே தொடங்கியது. படிப்போடு கைத்தொழிலும் கற்றுத்தரப்பட்டது.