நிலக்கரிச் சுரங்கங்களில் மீதேன் வாயு: கட்டுப்பாடும் உபயோகமும்

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1975ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கோல் இந்தியா நிறுவனமே, இந்நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து வருகின்றது. 2024-25ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. மின்சார உற்பத்தியில் பத்தில் ஏழு பங்கு அளவு இக்கரியை நம்பியே நடைபெறுகின்றது. ஆதலின், சுரங்கங்கள் மீது விதிக்கப்படும் எந்தக் கட்டுப்பாடும் இறுதியில் எளிய குடும்பங்களின் மின்கட்டணத்தையும் பாதிக்கக் கூடும். மீதேன் வாயுவைக் கட்டுப்படுத்தும் பிரச்சினையை இந்தக் கண்கொண்டும் நோக்குதல் அவசியம்.

பண்டைக் காலத் தாவரங்கள் மண்ணுள் புதைந்து நிலக்கரியாக மாறியபொழுது மீதேனும் உடன் உண்டாயிற்று. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு கரியின் நுண்துளைகளில் ஒட்டியிருந்து, கரியை வெட்டும்பொழுது வெளிப்படுகின்றது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருப்பின், ஒரு தீப்பொறியும் அதை வெடிக்கச் செய்யும். 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆசன்சாலை அடுத்த சினாகுரி சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 170க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.

இத்தகைய அபாயத்தைத் தவிர்க்கும் பொருட்டு, சுரங்கத்தின் எவ்விடத்திலும் மீதேன் 1.25 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்று விதி வகுக்கப்பட்டுள்ளது. பெரிய விசிறிகளால் காற்றைச் செலுத்தி வாயுவை நீர்த்துப் போகச் செய்கின்றனர். இம்முறை தொழிலாளரைக் காக்கின்றது. ஆனால் வாயுவை அழிப்பதில்லை, வானவெளிக்கு அனுப்பி விடுகின்றது. அங்கே அது சுமார் 12 ஆண்டுகள் தங்கி, புவியை வெப்பமாக்குகின்றது. எடைக்கு எடை ஒப்பிட்டால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் வலிமை உடையது.

கடுமையான விதி ஒன்றை உடனே இயற்றிவிட்டால் போதாதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவம் இங்குக் கவனிக்கத்தக்கது. சுரங்கக் காற்றுப் போக்கிகளின் வழியே வெளியேறும் மீதேன், 1,000 டன் கரிக்கு 0.5 டன்னை மீறலாகாது என 2021ஆம் ஆண்டு வரைவு கூறியது. சுரங்கங்கள் மூடப்பட நேரிடும் எனப் போலந்து கவலை தெரிவித்தது. 2024இல் நிறைவேறிய சட்டத்தில், அனல் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அவ்வளவு 5 டன்னாக உயர்த்தப்பட்டது.

இந்தியாவில் வேறுபடுத்திப் பார்க்கும் முறை முன்னமே உண்டு. நிலத்தடிச் சுரங்கங்கள் வாயுவின் அளவைக் கொண்டு மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு டன் கரிக்கு 10 கன மீட்டருக்கு மேல் வாயு வெளிப்படுபவை மூன்றாம் தரத்தைச் சார்ந்தவை. பாதுகாப்பிற்கென ஏற்பட்ட இப்பாகுபாடு, வாயுவைச் சேகரிக்கும் முயற்சியை எங்கே தொடங்குவது என்பதையும் காட்டவல்லது. கரியில் பெரும்பகுதியைத் தரும் திறந்தவெளிச் சுரங்கங்களில், ஆழம் குறைவாதலின், டன்னுக்கு வெளிப்படும் வாயுவும் பொதுவாகக் குறைவே. அனைத்திற்கும் ஒரே சுமையை ஏற்றுவது பொருந்தாது.

வாயு மிகுந்த படுகைகளில் அதனை முன்னதாகவே எடுத்துவிடலாம். கொல்கத்தாவிற்கு வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராணிகஞ்ச் வயலில், 2007ஆம் ஆண்டில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் இத்தொழிலை வாணிப முறையில் தொடங்கியது. ஆழ்கிணறு தோண்டி, படுகையிலுள்ள நீரை இறைத்தால் அழுத்தம் குறைந்து மீதேன் பிரிந்து வரும். அது ஆலைகளுக்கும் வாகனங்களுக்கும் எரிபொருளாகின்றது. நாட்டின் எரிவாயு உற்பத்தியில் இதன் பங்கு இன்னும் சிறிதே. கிணறுகளுக்குச் செலவும் அதிகம். இறைத்த நீரைத் தக்கவாறு அகற்றவும் வேண்டும்.

எனினும், விசிறிக் காற்றில் ஒரு சதவீதத்திற்கும் குறைவாகக் கலந்துவிட்ட மீதேனை மீட்பது இதனினும் கடினம். ஆகவே, வாயுவைச் செறிவாக உள்ள நிலையிலேயே பிடிப்பதுதான் சிக்கனமான வழி. அவ்வாறு பிடித்த வாயுவின் விற்பனை வருமானம் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். சுரங்கத்தில் இறங்குவோருக்கு அபாயமும் குறையும். மிகுந்த வாயுவுள்ள சுரங்கங்களில் முதலில் விதியைச் செயற்படுத்தி, ஏனையவற்றிற்கு அளவீட்டை ஒழுங்குபடுத்தி, படிப்படியாக முன்னேறுவதே விளக்கும் அணையாமல் வானமும் மாசுறாமல் காக்கும் வழியாகும்.