படிக்கட்டின் அடியறையும் பாட்டனார் காகிதங்களும்

கடற்கரையூர்களில் உள்ள நம் இல்லங்கள் பலவற்றில் மாடிப்படிக்குக் கீழே, குனிந்தே நுழைய வேண்டிய சிற்றறையொன்று உண்டு. விருந்து நாட்களில் மட்டும் வெளிவரும் தேக்சாக்களுக்கும், கழற்றி வைத்த தொட்டிலுக்கும், தகர டிரங்குப் பெட்டிக்கும் அதுவே புகலிடம். அப்பெட்டிக்குள் வீட்டுப் பத்திரமும், கொழும்பிலிருந்தோ பினாங்கிலிருந்தோ பாட்டனார் எழுதிய கடிதங்களும், பாட்டியார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும் இருக்கக்கூடும். மீண்டும் பெறவியலாத பொருள்களை வீட்டின் ஈரமான மூலையில் வைத்துவிட்டு, வருடக் கணக்கில் திறந்து பாராதிருப்பது நம் வழக்கமாகிவிட்டது.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். முழ நீளச் சதுரமான பாலிதீன் தாளொன்றைத் தரைமீது விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பினால் ஒட்டி, ஒரு பகலும் இரவும் விட்டுவிடுங்கள். தாளின் அடிப்புறம் வியர்த்திருந்தால் நீர் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேற்புறம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம் படிகிறது. முன்னதற்குக் கொத்தனார் வேண்டும். பின்னதற்கு நம் கவனமே பெரும்பாலும் போதும்.

சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துக் காரை உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். உவர்நீரும் கடல்மணலும் கலந்து கட்டியதன் விளைவாக அது இருக்கலாம். நிலத்தடி உப்பு நீரோடு ஏறியதாகவும் இருக்கலாம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியும். ஆகவே, மழையில்லாத நாளிலும் அச்சுவர் நனைந்தே நிற்கும். பழைய சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்ட் பூசி அழகுபடுத்துவோர், உள்ளே உள்ள நீர் ஆவியாகும் வழியை அடைத்துவிடுகின்றனர். நீர் மேலும் உயரே ஏறுகிறது. காசைக் கொடுத்து நோயை வாங்குவது இதுதான்!

"கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்" என்று பெரியோர் கூறுவர். எல்லா நாளும் இது பொருந்தாது. மழைக்காலத்து வெம்மையான ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டதும் நீராகப் படியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வையுங்கள். கதவைத் திறந்த ஒரு மணி நேரத்தில் அதன் எண் குறைந்தால் திறந்தே வையுங்கள். கூடினால் உடனே மூடிவிடுங்கள். எண் 60க்குக் கீழே இருப்பது நலம். 70ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஈரக் காகிதத்தை இறுக மூடிய பெட்டியில் வைப்பது, பூஞ்சணத்தை வளர்ப்பதற்கு ஒப்பாகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மூடிய பெட்டிக்குள் மட்டுமே பயன்தரும். அந்துருண்டை பூச்சியை விரட்டுமேயன்றி ஈரத்தை நீக்காது. குழந்தைகளின் துணிகளில் அதை இடவே வேண்டாம்.

எனினும், பத்திரங்களுக்கும் கிதாபுகளுக்கும் அந்த அறை தகுந்த இடமன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தின்முன் செங்கல் உயரம் எம்மட்டு? மாடியில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியே அவற்றுக்கு உரியது.

ஒருவேளை நனைந்துவிட்டால் வெயிலில் காய வைக்காதீர்கள். தாள் சுருங்கி நெளியும். எழுத்தின்மீது துணியால் துடைக்கவும் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், புத்தகத்தைச் சற்றே விரித்து நிறுத்தி, இடையிடையே வெள்ளைத் தாளை வைத்து மாற்றிக்கொண்டிருங்கள். எண்ணிக்கை மிகுதியானால், இரண்டு நாட்களுக்குள் தனித்தனியே பாலிதீன் உறையிலிட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து ஆற அமர உலர்த்திக்கொள்ளலாம். வெள்ள நாளில் மின்சாரம் ஏது என்று கேட்பீர்கள். நீர் புகாத தெருவிலுள்ள உறவினர் வீட்டுக்கு முதலில் எடுத்துச் செல்ல வேண்டியது அந்தக் காகிதப் பொதியைத்தான், தேக்சாக்கள் காத்திருக்கும்.